மண்ணுக்கு விலை உண்டு! மனிதனுக்கு?

கல்வராயன் மலையடிவாரத்திலே, நம் சங்கராபுரம் வட்டாரத்திலே, பிழைப்புக்காக ஒருவரேனும் ஊர்விட்டுப் போகாத தெரு உண்டா, தோழர்களே? இன்று பெங்களூர் என்கிறார்கள், திருப்பூர் என்கிறார்கள். நூறாண்டுக்கு முன்னே கோலார் என்றார்கள்! தென்னார்க்காடு, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டச் சேரிகளிலிருந்து மூட்டை முடிச்சுடன் கிளம்பிய அந்தக் கூட்டத்தை இன்று நினைக்கவேண்டிய காரியம் வந்திருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் காலடி வைத்தது. இலண்டனிலே பங்கு விற்றது. கோலாரிலே பாறை வெடித்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவிலே மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! சுரங்கத்துக்கு முந்தி வந்த மின்சாரம் தொழிலாளியின் தட்டிக் குடிசைக்கா வந்தது? கம்பெனியின் எந்திரத்துக்கு வந்தது. துரைக்குப் பங்களா, தோட்டம், கிளப். தமிழனுக்கு ஒற்றை அறை லைன் வீடு.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல்! பாறை திடீரென வெடித்தால் பிணம். வெடிக்காவிட்டால் கல்தூசு நுரையீரலில் படிந்து நடைப்பிணம். உயிர் பிழைத்து மேலே வந்தவனை உடம்பைத் தடவிச் சோதித்தார்கள், தங்கத் துணுக்கு ஏதும் ஒளித்திருக்கிறானா என்று! யார் திருடன், யாருக்குச் சோதனை!

ஆனாலும் அவன் அடங்கிக் கிடக்கவில்லை. மாரிகுப்பத்திலே அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை கண்டான். கைரேகை வைக்கச் சொன்னபோது 1930இல் வேலைநிறுத்தம் செய்தான். 1946 நவம்பரில் போலீசின் துப்பாக்கிக் குண்டுக்கு ஆறு தொழிலாளர் பலியானார்கள்.

வெள்ளையன் போனபின் 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்ற பெயர் வந்தது. பெயர் மாறியதே ஒழிய, பாறையிலே தங்கம் பெருகவில்லை. ஆதியிலே டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, இறுதியில் ஐந்து கிராம்கூட இல்லை. 2001 பிப்ரவரி 28இல் கதவை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்தது ஏறத்தாழ 800 டன் தங்கம்!

சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை இன்று விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய், இரவிலே திரும்புகிறான். ஊரைச் சுற்றி நிற்பது சயனைடு கழிவு மண்மேடு. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள்ளே.

பெல்ஜியத்திலும் சுரங்கம் மூடினார்கள். மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் 1956 ஆகஸ்டு 8இல் தீப்பிடித்து 262 பேர் மாண்டனர். அவர்களில் 136 பேர் பிழைக்க வந்த இத்தாலியர். நம்மவரைப் போலவே அயலூர்க் கூலிகள். 1967இல் அது மூடப்பட்டது. இன்று அது நினைவிடம், அருங்காட்சியகம்; 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. செத்தவன் பெயரைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கோலாரிலே சுரங்கம் மூடிக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கழிவு மண்ணுக்கு வாழ்வு வந்துவிட்டது! பதின்மூன்று மண்மேடுகளை, ஆயிரம் ஏக்கருக்கும் மேலான பரப்பிலே, மறுபடி சலித்துத் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. தொழிலாளி தூக்கிக் கொட்டிய குப்பைக்கு விலை குறித்தாயிற்று. நல்லது, எடுங்கள்! எடுக்குமுன், அந்த லைன் வீட்டிலே இருப்பவனுக்கு வீட்டுப் பட்டா கொடுங்கள். மண்ணைச் சலிக்கும் வேலையை அவன் பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். அவன் மூக்கிலே மறுபடி தூசு ஏறாதபடி சலிக்க வழிசெய்யுங்கள் என்று கேட்கிறோம்.