வெளியே காயமில்லை, வயிற்றினுள்?

காரவல்லியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் ஒன்றில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, அதன் கைப்பிடி ஓர் இளைஞனின் வயிற்றில் இடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தோலில் சிராய்ப்புகூட இல்லை. எழுந்து, தூசி தட்டி, தேநீரும் அருந்திவிடுகிறான். வீட்டாரும் நிம்மதியடைகின்றனர். அன்பு வாசகர்களே, அஞ்ச வேண்டியது இந்த நிம்மதிக்குத்தான்!

கைப்பிடிக்கும் முதுகெலும்புக்கும் இடையே நசுங்கும் குடல் கிழியக்கூடும். ஈரலோ மண்ணீரலோ கிழிந்தால் இரத்தம் பெருகிப் பெரும்பாலும் விரைவில் தெரிந்துவிடும். குடல் அப்படியன்று, அதிலுள்ளவை மெல்லக் கசிந்து வயிற்றறையையே புண்ணாக்கும்.

இதைக் கண்டறிய உதவுவது சி.டி. ஸ்கேன். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவி. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்கிற்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. குடலுக்கு வெளியே தங்கிய காற்று, ஈரலும் மண்ணீரலும் பழுதின்றியிருந்தும் தேங்கிய நீர், தடித்த குடற்சுவர் ஆகியவற்றை மருத்துவர் அதில் தேடுவார்.

ஆயினும், விபத்து நடந்தவுடன் எடுத்த படத்தில் ஒன்றும் புலப்படாமலும் போகலாம். "ஸ்கேன் நன்றாயிருக்கிறதே, இன்னும் ஏன் இங்கே?" எனச் சலித்து, கையெழுத்திட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். மருத்துவர் வயிற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதும், ஐயமிருப்பின் மறுபடி ஸ்கேன் எடுப்பதும் வீண் செலவல்ல. வலி கூடினாலோ, வாந்தி, காய்ச்சல் கண்டாலோ, வயிறு பலகைபோல் இறுகினாலோ உடனே சொல்லுங்கள். கிழிந்த குடலைத் தைக்க எட்டு மணி நேரத்துக்குமேல் தாமதித்தால் உயிராபத்து மிகுகிறது. மலையிறங்கும் நேரமும் அதில் அடக்கம்.