கறுப்புக் கல்லுக்குக் கிராக்கி. கறுத்த பெண்ணுக்கு ஏளனமா?

சாமராஜநகர் வட்டாரத்தில் வெட்டி எடுக்கப்படும் கறுப்புக் கல்லுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. மெருகேற்றினால் கண்ணாடி போல மின்னும் இக்கல், கப்பலேறி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. கல்லுக்குக் கறுப்பு நிறமே பெருமை. ஆனால், அதே வெயிலில் உழைக்கும் தொழிலாளி தன் மகளுக்கு வரன் தேடும்போது கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. "பெண் நல்ல நிறமா?" என்பதே முதல் கேள்வி. மாநிறம் என்றால் சீர்வரிசை கூடுகிறது.

தமிழர், கன்னடர் என்றோ, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்றோ இதில் வேற்றுமை இல்லை.

நீதிமன்றம் ஏறிய நிறம்

இந்தத் துன்பம் பெண்களுக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். மனைவி தம்மைக் கறுப்பு என்று கூறி இழிவுபடுத்துவதாக பெங்களூர்க் கணவர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். குடும்ப நீதிமன்றம் 2017ல் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. 2023 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, நிறத்தைச் சொல்லி அவமதிப்பது கொடுமையே என்று கூறி விவாகரத்து வழங்கியது.

2025 மார்ச்சில், கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தம் நிறத்தை ஒட்டி எழுந்த பேச்சைத் தாமே வெளிப்படையாக எழுதினார். தலைமைச் செயலாளருக்கே இந்தக் கதி என்றால், சாதாரண குமாஸ்தாப் பெண்ணின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

களிம்பு வியாபாரம்

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975ல் விற்பனைக்கு வந்தது. 2020ல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்கியது. நிறம் குறைந்தவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014ல் விதி வகுத்தது.

ஆனால், பெயர் தெரியாத டப்பாக்களில் வரும் களிம்புகளே பேராபத்து. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாள்தோறும் பூசினால் தோல் மெலியும், பரு கிளம்பும், முகத்தில் ரோமம் முளைக்கும். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தையே பாதிக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023ல் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைக் கண்டறிந்தனர். ஆகவே, மருத்துவரைக் கேளாமல் எந்தக் களிம்பையும் முகத்தில் பூசாதீர்கள்.

நிறம் எதனால்?

தோலில் உள்ள மெலனின் என்னும் பொருளே நிறத்துக்குக் காரணம். அது கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் இயற்கைக் குடை. வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அது பாதுகாப்பே தவிர, குறை அல்ல.

சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பிளிகிரிரங்கன் மலையின் பெயரிலேயே வெண்மை இருக்கிறது. கன்னடத்தில் 'பிளி' என்றால் வெள்ளை. அம்மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், ரங்கநாதர் தங்கள் குலப்பெண் குசுமாலையை மணந்தவர் என்று சொல்லி, அவரை வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுகின்றனர். காட்டுப் பெண்ணைக் கைப்பிடித்த சாமி நிறம் பார்த்ததாக யாரும் கதை சொல்வதில்லை.

மணமகள் தேவை விளம்பரம் கொடுக்கும் பெற்றோர்களே! 'சிவந்த நிறம்' என்ற இரு சொற்களை அடித்துவிட்டுக் கொடுங்கள். "கறுப்பி" என்று குழந்தையைச் செல்லமாகக்கூட அழைக்காதீர்கள். பெரியவர்கள் மறந்துவிடும் சொல்லை அக்குழந்தை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.