புள்ளி மூலங்கள் பதிந்த வடிவவியலில் வலையமைப்பு: மாமல்லபுரக் கடற்கரைக் கிணறுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி உருவகப்படுத்தலில் வலையமைப்பை நுண்மையாக்கும் அளவுக்கு விடை உண்மையை நெருங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கிணறு போன்ற புள்ளி மூலம் அமைந்த கணுவில் இந்நம்பிக்கை பொய்க்கிறது. அதன் காரணத்தையும் திருத்தும் வழியையும் கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரை நிலத்தடி நீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புள்ளி மூலம், வலையமைப்பு, கணு, நீர்மட்டத் தாழ்வு, உவர்நீர் ஊடுருவல்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பு நீள்கிறது. மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. அசைவற்ற நிலையில், கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் நிற்கும் உயரத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு ஆழத்தில் உவர்நீர் எல்லை அமையும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு. ஆகவே நீர்மட்டக் கணிப்பில் நேரும் 1 செ.மீ. பிழை, எல்லையின் ஆழத்தில் 40 செ.மீ. பிழையாகப் பெருகும். இங்குக் கிணற்றைக் கணினி எவ்வாறு கையாள்கிறது என்பது சிறிய வினா அன்று.

1. சிக்கலின் இயல்பு

முடிவுறு கூறு முறையில் நிலப்பரப்பு முக்கோணங்களாகப் பகுக்கப்படுகிறது. முக்கோணங்களின் முனைகளே கணுக்கள். பல கிலோமீட்டர் பரந்த பகுதியில் சில அங்குல அகலமுள்ள ஆழ்துளைக் கிணற்றை வட்டமாக வரைவது அரிது. எனவே அது பரப்பற்ற புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. 1906இல் தீம் வகுத்த சமன்பாட்டின்படி, கிணற்றை நெருங்க நெருங்க நீர்மட்டத் தாழ்வு தொலைவின் மடக்கைக்கேற்ப வளர்கிறது. தொலைவு சுழியானால் தாழ்வு முடிவிலியாகும். வலையமைப்பு இம்முடிவிலியைக் காட்ட இயலாது. தன் முக்கோணத்தின் அளவுக்கேற்ற ஓர் எண்ணையே தரும்.

2. எண்வழி விளக்கம்

விளக்கத்திற்காக, நீரேற்று வீதம் நாளொன்றுக்கு 200 கன மீட்டர், நீர்த்தாங்கியின் கடத்துதிறன் நாளொன்றுக்கு 100 சதுர மீட்டர் எனக் கொள்வோம். வீதத்தைக் கடத்துதிறனின் 6.28 மடங்கால் வகுக்க 0.318 மீட்டர் கிடைக்கிறது. முக்கோணத்தின் பக்கத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும், இவ்வெண்ணை 2இன் இயல் மடக்கையால் (0.693) பெருக்கிய அளவு, அதாவது 22 செ.மீ., கணுவின் தாழ்வில் கூடும். எத்தனை முறை பாதியாக்கினும் இவ்வளர்ச்சி நிற்பதில்லை. மேற்கூறிய தொடர்பின்படி 22 செ.மீ. என்பது உவர்நீர் எல்லையில் ஏறத்தாழ 9 மீட்டர். நிலத்தில் எம்மாற்றமும் நிகழாதிருக்க, வலை மாறியதாலேயே ஒரு கிணறு உவர்ப்பதாகவோ உவர்க்காததாகவோ தோன்றக்கூடும்.

3. தீர்வு

முதலாவதாக, கிணற்றின் இருப்பிடத்தை வலை வரைவதற்கு முன்பே வடிவவியலில் பதித்தல் வேண்டும். ஃபீஃப்ளோ, காம்சால், ஜிமெஷ் முதலிய மென்பொருள்களில் இதற்கு வசதியுண்டு. பதிக்காமல் அருகிலுள்ள கணுவுக்குக் கிணற்றை நகர்த்தினால் கடலுக்கும் கிணற்றுக்கும் இடையிலான தொலைவே மாறிவிடும்.

இரண்டாவதாக, கணுவைச் சூழும் முக்கோணங்களின் அளவைக் கணக்கிட்டு அமைத்தல் வேண்டும். கிணற்றுக் கணுவைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணங்கள் இருப்பின், கணு காட்டும் எண் உண்மையில் பக்கநீளத்தை 6.13ஆல் வகுத்த தொலைவில் உள்ள நீர்மட்டமாகும். ஆரம் 0.1 மீட்டர் எனில், அண்டைக் கணுக்களை 0.61 மீட்டரில் வைத்தால் கணுவின் மட்டமும் கிணற்றின் மட்டமும் ஒன்றும். அதனினும் நுண்மையாக்கினால் தாழ்வு மிகைப்படும்.

மூன்றாவதாக, பரும வலையே போதுமெனில் விடையைப் பின்னர்த் திருத்தலாம். பக்கம் 50 மீட்டர் எனில் கணு 8.16 மீட்டர் தொலைவின் மட்டத்தைத் தருகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கிணற்றினுள் தாழ்வு அதைவிட ஏறத்தாழ 1.4 மீட்டர் மிகுதி. எண்ணெய்க் கிணறுகளுக்காகப் பீஸ்மன் 1978இல் சதுர வலைக்கு அளித்த விளக்கமும் இத்தகையதே. அங்கு அத்தொலைவு பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

4. அளவொப்பீட்டில் நேரும் பிழை

இவ்வேறுபாட்டை அறியாத ஆய்வாளர், களத்தில் அளந்த கிணற்று மட்டத்தைப் பரும வலையின் கணு மட்டத்தோடு நேரடியாக ஒப்பிடுவார். களத்தின் தாழ்வு மிகுதியாகத் தோன்றும். இரண்டையும் பொருத்தக் கடத்துதிறனைக் குறைப்பார். கிணற்றில் எண் பொருந்தும். ஆனால் கடற்கரை முழுவதற்குமான நீரோட்டம் பிழைபடும். இங்குப் பிழை தரவில் இல்லை, ஒப்பீட்டில் உள்ளது.

முடிவுரை

கிணற்றிலிருந்து சில முக்கோணங்கள் தள்ளி, பரும வலையின் விடையும் நம்பத்தக்கதே. ஐயத்திற்குரியது மூலக் கணு மட்டுமே. எனவே ஆய்வேடுகளில் புள்ளி மூலத்தைச் சூழ்ந்த முக்கோண அளவையும், கணுவின் மட்டம் திருத்தப்பட்டதா என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையத்தின் உவர்க்கழிவு வெளியேற்றத்தைப் புள்ளி மூலமாகக் கொள்வோருக்கும் இது பொருந்தும். முப்பரிமாணத்தில் மூலத்தருகே செறிவு தொலைவுக்கு எதிர்விகிதமாக வளர்வதால், வலையைப் பாதியாக்கினால் மூலக் கணுவின் எண் ஏறத்தாழ இரு மடங்காகும். அவ்வெண்ணைக் கடலின் உவர்ப்பு எனக் கொள்வதற்கு முன், அது எத்தொலைவிற்குரியது எனக் கேட்டறிதல் இன்றியமையாதது.