விக்கியில் நிரலின் நிறம் எங்கே இருக்கிறது?

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளை நிறுவி, அதையே குழுவின் பொதுக் குறிப்பேடாக வைத்திருப்பவர்கள் பலர். அதில் பைத்தான் நிரல் ஒன்றை ஏற்றினால் ‘இஃப்’, ‘ரிட்டர்ன்’ போன்ற சொற்கள் தடித்த பச்சையிலும், மேற்கோள் குறிக்குள் இருப்பவை சிவப்பிலும் வந்து நிற்கும். அந்த நிறம் பிடிக்காவிட்டால் எங்கே போய் மாற்றுவது?

நிரலுக்குள் தேடிப் பயனில்லை. நிரலைச் சின்டேக்ஸ்ஹைலைட் என்ற டேக்குக்குள் இட்டு, மொழியின் பெயரையும் கொடுத்தால் சர்வரில் உள்ள பிக்மென்ட்ஸ் என்ற நிறமூட்டி மென்பொருள் அதை வாங்கிக்கொள்கிறது. 2015 வரை இந்த வேலையைச் செய்தது கெஷி. அதன் பிறகுதான் பிக்மென்ட்ஸ் வந்தது. அது நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வகுப்பு என்ற ஒரு குறுஞ்சீட்டு ஒட்டுகிறது: கீவேர்டுக்கு ‘கே’, சரத்துக்கு ‘எஸ்’, கமென்ட்டுக்கு ‘சி’. அத்தோடு அதன் வேலை முடிந்தது. எந்தச் சீட்டுக்கு எந்த நிறம் என்பதைச் சொல்வது சிஎஸ்எஸ். அங்கே ஒரு வரி மாறினால் ஆயிரம் பக்கத்திலும் நிறம் மாறிவிடும். எந்தப் பக்கத்தையும் திருத்த வேண்டியதில்லை.

தளம் முழுவதற்கும் மாற்ற வேண்டுமானால் மீடியாவிக்கி பெயர்வெளியில் உள்ள காமன்.சிஎஸ்எஸ் பக்கத்தில் எழுத வேண்டும். 2018 முதல் அதில் கைவைக்கும் உரிமை இடைமுக நிர்வாகிகளுக்கு மட்டுமே. உங்கள் கண்ணுக்கு மட்டும் போதுமென்றால், தள அமைப்பில் பயனர் சிஎஸ்எஸ் அனுமதிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், உங்கள் பயனர் பெயரின் கீழ் அதே பெயரில் ஒரு துணைப்பக்கம் தொடங்கலாம். எங்கே எழுதினாலும் நிரல் பெட்டிக்கான வகுப்புப் பெயரை முன்னால் சேர்த்தே எழுதுங்கள். வெறும் ‘கே’ என்று எழுதினால், பக்கத்தில் வேறெங்காவது அதே வகுப்பு இருந்தால் அதற்கும் சாயம் ஏறிவிடும்.

பலரும் சறுக்குவது பின்னணியில்தான். கறுப்புப் பின்னணி அழகாக இருக்கிறதென்று அதை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். பிக்மென்ட்ஸின் இயல்பான பச்சை #008000. வெள்ளையில் அதன் மாறுபாடு 5.14க்கு 1, கறுப்பில் 4.09 ஆகக் குறைகிறது. எண்களுக்கான சாம்பல் #666666 இன்னும் மோசம்: 5.74 இருந்தது 3.66 ஆகிவிடுகிறது. வலை அணுகல் வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பதோ குறைந்தது 4.5. பின்னணியைத் தொட்டால் எல்லா நிறத்தையும் தொட்டே ஆக வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கீவேர்டின் தடித்த எழுத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொன்றாக நிறம் தேடுவது வீண் வேலை. உங்கள் கணினியில் பிக்மென்ட்ஸை நிறுவினால், மோனோகாய் போன்ற ஆயத்த வண்ணத் தொகுப்பின் சிஎஸ்எஸ் முழுவதையும் ஒரே கட்டளையில் அது எழுதித் தரும்.

மாற்றியும் நிறம் மாறவில்லையா? கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். பிரவுசர் பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கலாம். நிறமே வரவில்லை என்றால் டேக்கில் மொழியின் பெயரைச் சரிபாருங்கள். எதுவானாலும் முதலில் உங்கள் சொந்தப் பயனர் துணைப்பக்கத்தில் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நிர்வாகியிடம் போங்கள்.