மரத்திலுள்ள மாவும் பட்டறையில் நேரும் நஷ்டமும்

நெசவாளரின் தறியும் உழவரின் கலப்பைப் பிடியும் பெரும்பாலும் ஊர்த் தச்சர் ஒருவரின் வீட்டுப் பட்டறையிலிருந்து வருபவை. அப்பட்டறையில் பூச்சி புகுந்தால் நஷ்டம் தச்சர் ஒருவரோடு நிற்பதில்லை. அது நம் வீடுகளுக்கும், சங்கத்தின் கடன் ஏட்டுக்கும்கூட வந்து சேர்கிறது. இதை நான் அறிய நேர்ந்த விதத்தை உறுப்பினர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சங்கக் கணக்கை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். கடன் பெற்றுச் சட்டத்தறி போட்ட உறுப்பினர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தறிக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் பலகை அடிக்குந்தோறும் கால்கள் அசைந்தன. காலடியில் திருநீறு போன்ற மெல்லிய தூள் குவிந்திருந்தது. கடனிலோ இன்னும் பாதி பாக்கி. “மட்டமான மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்” என்று தச்சரைக் குறை கூறினார் அவர். நானும் அவ்வாறே குறிப்பெழுதி, இனி அத்தச்சருக்கு வேலை கொடுத்தலாகாது எனப் பரிந்துரைக்க எண்ணினேன். எனினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதுதல் முறையன்று எனத் தோன்றவே, மறுநாள் தச்சர் வீட்டுக்குச் சென்றேன்.

வீட்டின் பின்கட்டில் இருந்த சார்ப்பே அவர் பட்டறை. பலகைகள் மண் தரையில் ஊன்றிச் சுவரில் சாத்தப்பட்டிருந்தன. அவற்றின் மேல் கறையான் மண்கோடு ஏறியிருந்தது. உப்புத்தாள் கட்டை எலி கிழித்துக் கூடு கட்டியிருந்தது. திறந்து கிடந்த வச்சிரத்தைக் கரப்பான் அரித்திருந்தது. “ஐயா, நான் யாரையும் ஏமாற்றவில்லை. மரம் தேக்குதான். என் நஷ்டத்தையும் பாருங்கள்” என்றார் அவர். பழுதான காலைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். நடுவிலிருந்த வைரம் சிறிதும் பழுதின்றி இருந்தது; ஓரத்து வெளுப்பு மட்டுமே மாவாகியிருந்தது.

பூச்சி நாடுவது எதை?

மரத்தை உளுக்கச் செய்யும் இந்தச் சிறு வண்டு மரத்தின் நாரை உண்டு வாழ்வதன்று. வெளுப்பில் சேர்ந்துள்ள மாவுப் பொருளே அதன் உணவு. மரத்தின் நுண்துளைகளில் அது முட்டையிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகிக் குண்டூசித் தலையளவு துளையிட்டு வெளியேறுகிறது. நாம் காணும் துளை திருடன் போன வழியேயன்றி வந்த வழியன்று. வைரத்தில் அம்மாவு இல்லாமையால் அதனை அது தீண்டுவதில்லை. மாவு மிகுந்த ரப்பர் மரமும் மூங்கிலும் எளிதில் உளுப்பது இதனாலேயே. கஞ்சி போட்ட பாவைக் கரப்பான் நாடுவதும் இதே காரணத்தால் என்பதை நெசவாள அன்பர்கள் நன்கு அறிவர். கறையானுக்கு மண்ணின் ஈரமும், எலிக்கு ஒளிந்திருக்க ஒரு மூலையும் வேண்டும். உணவு, ஈரம், மறைவிடம் இம்மூன்றையும் மறுத்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

செய்ய வேண்டுவன

மரம் வாங்கும்போதே வெளுப்பை அடையாளங்கண்டு கழித்துவிடுதல் நன்று. கழிக்க இயலாவிடில், அறுத்த ஈரம் உலருமுன் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் முக்கி, சில வாரங்கள் மூடி அடுக்கிவைத்தால் மருந்து உள்ளே ஊறும். மழையில் நனையும் மரத்துக்கு இது உதவாது. நீர் மருந்தைக் கரைத்துவிடும். மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறவைப்பது நம் முன்னோர் கண்ட வழி; அதனால் மாவும் சர்க்கரையும் குறைகின்றன. முடிந்த பொருளுக்கு அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசினால் நுண்துளைகள் அடைபட்டு, வண்டு முட்டையிட இடமின்றிப் போகும்.

பலகைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல்மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, இடையிடையே சிறு கட்டைகள் வைத்துக் காற்றோடவிட வேண்டும். வாரம் ஒருமுறை கல்லின் பக்கங்களைப் பார்த்தால் கறையான் கோடு மரத்தை எட்டுமுன் கண்ணில் படும். வச்சிரம், உப்புத்தாள், தூரிகை ஆகியவற்றை மூடியுள்ள தகர டப்பாக்களில் வைத்தல் வேண்டும். சுண்டெலிக்கு விரல் நுழையும் சந்தே போதுமாகையால், சந்துகளைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடைக்க வேண்டும்.

பழைய துளையுள்ள மரத்தில் பூச்சி உயிரோடு உள்ளதா என ஐயம் எழுந்தால், தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாளை விரித்து வைக்கலாம். புதுத் தூள் தொடர்ந்து கொட்டினால், அம்மரத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

நஞ்சைப் பற்றி ஒரு சொல். ஆல்டிரின், குளோர்டேன் போன்றவை ஒருகாலத்தில் கறையானுக்குத் தாராளமாக ஊற்றப்பட்டன. 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை ஒழிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. நம் நாட்டிலும் அவை தடை செய்யப்பட்டுள்ளன. பழைய டப்பா எங்கேனும் கிடந்தால் அதைத் தொட்டுப் பயன்படுத்தலாகாது. குழந்தைகள் நடமாடும் வீட்டுப் பட்டறையில் எலி மருந்தைவிட எலிப்பொறியே மேல். வெங்காரத்தையும் உணவுப் பண்டங்களுக்கு அருகில் வைத்தல் கூடாது.

அவ்வூரில் முடிவு இவ்வாறாயிற்று. என் குறிப்பில் “மட்டமான மரம்” என்பதை அடித்துவிட்டு, “வெளுப்பு நீக்கப்படவில்லை” என எழுதினேன். மரத்தின் விலையை உறுப்பினரும், கூலியைத் தச்சரும் ஏற்க, இரண்டு கால்கள் வைர மரத்தில் மாற்றப்பட்டன. தறி மீண்டும் ஓடிற்று, தவணையும் தவறவில்லை.

தனியொரு தச்சர் மருந்துத் தொட்டி கட்டுவது அரிது. ஒரு சங்கம் கட்டினால் ஊர் மரம் முழுவதும் அதில் நனையலாம். தறிக்குக் கடன் வழங்கும் நிர்வாகக் குழுவினர், பணம் பட்டுவாடா ஆகுமுன் மரத்தையும் ஒருமுறை சென்று பார்ப்பார்களாயின், வசூலுக்காக அலையும் அலைச்சலில் ஒரு பகுதி குறையும்.