பாசி பிடித்து பச்சையான நீச்சல் குளம்... தண்ணீரை மொத்தமாக வெளியேற்றலாமா? புதுச்சேரி வீடுகளில் பலர் செய்யும் தவறு!

வார இறுதி என்றாலே பாண்டிச்சேரி. அறை தேடும்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்விம்மிங் பூல் இருக்கா?" அதனாலேயே வெள்ளை நகரத்து பழைய வீடுகளின் முற்றங்களில் தொடங்கி ஈசிஆர் ஓரத்து வில்லாக்கள் வரை கையடக்க நீச்சல் குளங்கள் பெருகிவிட்டன. ஆனால் உரிமையாளர் பிரான்ஸில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வந்து போகும் வீடுகளும், வாடகை சீசன் முடிந்ததும் பூட்டிவிடும் வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனால், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். ஒரு மாதம் போனால் அடித்தரை தெரியாது. மூன்று மாதம் போனால் அது குளம் இல்லை, குட்டை.

"நம்ம வீட்டுல பூல் இல்லையே, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பச்சைக் குளத்தில் பிறக்கும் கொசுவுக்கு மதில் ஒரு தடையே இல்லை.

ஒலிம்பிக் குளமே பச்சையான கதை

பராமரிப்பு இல்லாத இடத்தில்தான் இப்படி ஆகும் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையாக மாறி உலகமே பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த நாளே பக்கத்தில் இருந்த இன்னொரு குளமும் நிறம் மாறியது. விசாரித்தால், ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒப்பந்ததாரர் தரப்பில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை அந்தக் குளங்களில் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கிருமிநாசினிதானே? தனியாக இருந்தால் சரி. குளோரினோடு சேர்ந்தால் குளோரினை முறித்துவிடும். குளோரின் மீட்டர் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு குளத்தின் தண்ணீரை முழுசாக வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்தில் இருந்து புதுத் தண்ணீர் நிரப்பினார்கள்.

விஷயம் இதுதான். தண்ணீரில் பாசிக்கான விதைகள் எப்போதும் இருக்கும். காற்றில் வரும், மழையில் வரும், இலையோடு வரும். அதை வளரவிடாமல் பிடித்து வைத்திருப்பது குளோரின். அந்தக் காவல் சில நாட்கள் இல்லாமல் போனால், வெயிலும் தண்ணீரில் விழும் குப்பையும் சேர்ந்து மீதி வேலையை முடித்துவிடும்.

பச்சைத் தண்ணீரில் என்ன ஆபத்து?

பாசி பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, பெரும்பாலும் அதுவே நேரடி விஷம் இல்லை. ஆபத்து வேறு மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, யாரும் யோசிக்காதது. அடித்தரை தெரியாத தண்ணீரில் ஒரு குழந்தை விழுந்தால், கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது. தெளிந்த குளத்தில் ஒரு நொடியில் பார்த்துவிடக்கூடிய விபத்து, பச்சைக் குளத்தில் தேட வேண்டியதாகிவிடும். எனவே சுத்தம் செய்வது எப்போது என்பது அப்புறம். குளத்தைச் சுற்றி வேலி அல்லது பூட்டுள்ள கதவு இன்றைக்கே வேண்டும்.

இரண்டாவது கொசு. நம்ம ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். இலை அழுகி நாற்றம் எடுத்த தண்ணீர், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு ரொம்பப் பிடித்த இடம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு கொஞ்சம் சுத்தமான, தேங்கிய தண்ணீர் வேண்டும். "அப்போ பச்சைக் குளத்துல டெங்கு கொசு வராது" என்று நிம்மதி அடைய வேண்டாம். குளத்தை மூடிவைத்த தார்ப்பாயின் குழிகளில் தேங்கும் மழைநீர், ஓரத்தில் கிடக்கும் வாளி, ஸ்கிம்மர் பெட்டி... இதெல்லாம் ஏடிஸுக்காகவே செய்துவைத்த மாதிரி இருக்கும். மூடி போட்டவர்தான் அதிகம் ஏமாறுகிறார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் மக்கள் விட்டுச்சென்ற வீடுகளின் நீச்சல் குளங்கள் கொசுப் பண்ணைகளாகின. கெர்ன் கவுண்டி பகுதியில் அந்த ஆண்டு வெஸ்ட் நைல் காய்ச்சல் பாதிப்பு அதிகரித்தபோது, ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பச்சைக் குளங்களைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

கொசு விஷயத்தில் புதுச்சேரிக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் 1975-ல் தொடங்கப்பட்ட, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம், அதாவது விசிஆர்சி, இந்த ஊரில்தான் இயங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், அது பிறக்கும் இடங்களையே ஒழித்துக் கட்டுப்படுத்தும் திட்டத்தை புதுச்சேரி நகரில் செய்து காட்டியது இந்த மையம்தான். அப்போது வாய்க்காலும் கழிவுநீர்த் தேக்கமும் பிரச்னை. இப்போது அந்தப் பட்டியலில் நீச்சல் குளமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, அமீபா. கேரளாவில் 2024, 2025-ல் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் அடுத்தடுத்து ஏற்பட்ட மரணங்கள் பெரிய செய்தியாகின. மூக்கு வழியாக ஏறும் இந்த உயிரி, வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நன்னீரில் வாழும். தொற்று மிக அரிதுதான். ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். பச்சைத் தண்ணீரில் "சும்மா ஒரு முங்கு" கூட வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

தண்ணீரை மொத்தமா வெளியேத்திட்டா ஈஸிதானே?

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவிப் புதுசாக நிரப்பலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் அது குளத்தையே உடைக்கலாம்.

எப்படி? காலிக் குளம் என்பது மண்ணுக்குள் புதைத்த ஒரு படகு மாதிரி. சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே இருந்தால், அது குளத்தைக் கீழே இருந்து தள்ளும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை தாங்கிப் பிடிக்கும். எடை போனதும் டைல்ஸ் பெயரும், தரை விரிசல் விடும். ஃபைபர் குளமாக இருந்தால் அப்படியே மேலே எழும்பியும் வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும் நேரத்தில் இந்த ஆபத்து அதிகம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு அடுத்த வாரம் குளத்தைக் காலி செய்வது, வேண்டுமென்றே உடைப்பதற்குச் சமம்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடுக்கும் மேல். கடல்நீர் நிலத்தடியில் ஏறிவருகிறது என்ற கவலையில் இருக்கும் ஊரில், போரில் இருந்து இவ்வளவு தண்ணீரை ஒரு குளத்துக்காக உறிஞ்சுவது நியாயமா என்பதையும் யோசிக்க வேண்டும். (தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயிக்கு, பாரதி பூங்காவில் மண்டபமே கட்டி வைத்திருக்கிற ஊர் இது!)

வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருந்தாலோ, தண்ணீர் கெட்டியான சேறாகிவிட்டிருந்தாலோ மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போதும் கோடையில், மூன்றில் ஒரு பங்கு வீதம் மாற்றுவது பாதுகாப்பானது. மற்றபடி பாசி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதே தண்ணீரைத் தெளிய வைக்க முடியும்.

சரி, எப்படித் தெளிய வைப்பது?

முதலில் மருந்து இல்லை, வலை. அடியில் கிடக்கும் வேப்பிலை, காகிதப்பூ, மாம்பூ எல்லாவற்றையும் வலையால் அள்ளி எடுக்க வேண்டும். குப்பை கிடக்கும்போது குளோரின் போட்டால், அது பாசியை விட்டுவிட்டுக் குப்பையோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். காசு தண்ணீரில் போட்ட கதைதான்.

அடுத்து சுவர். பாசி வழவழவென்று ஒரு படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிரஷ் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தால்தான் மருந்து உள்ளே போகும். டைல்ஸ் இடுக்கில் கருப்புப் புள்ளிகளாக இருந்தால் அது வேறு வகை. அதற்கு சிமென்ட் குளமாக இருந்தால் கம்பி பிரஷ் தேவைப்படும்.

அப்புறம் பிஹெச் பார்க்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிஹெச் 7.2 பக்கம் இருந்தால் போட்ட குளோரினில் பாதிக்கு மேல் வீரியமாக வேலை செய்யும். 8-க்கு மேல் போனால் கால்வாசி கூடத் தேறாது. "மூட்டை மூட்டையா போட்டேன், பச்சை போகவே இல்லை" என்பவர்களின் பிரச்னை பெரும்பாலும் இதுதான். சோதனை கிட் விலை பெரிதில்லை.

இப்போது குளோரின். ஆயிரம் லிட்டருக்கு 10 கிராம் சுத்தமான குளோரின் என்பது தொடக்கக் கணக்கு. நம்ம 40,000 லிட்டர் குளத்துக்கு 400 கிராம். கடையில் கிடைக்கும் 65 சதவீத குருணை என்றால் சுமார் 600 கிராம், 10 சதவீத திரவக் குளோரின் என்றால் 4 லிட்டர். சாதாரண பிளீச்சிங் பவுடரில் நல்ல நிலையில் 30 சதவீதம் இருக்கும் என்பதால் 1.3 கிலோ ஆகும். கடலோர ஈரக்காற்றில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த பவுடருக்கு அந்த வீரியமும் இருக்காது. அதை நேரடியாகக் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும். வாளியில் கரைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுவது நல்லது. கரும்பச்சையாக இருந்தால் இதே அளவை இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டி வரும்.

எப்போது போடுவது? பொழுது சாய்ந்த பிறகுதான். பகல் வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். மணல் ஃபில்டரில் செத்த பாசி அடைத்து அழுத்தமானி முள் ஏறிக்கொண்டே போகும். ஏறும்போதெல்லாம் பேக்வாஷ். பச்சை நிறம் மாறி, பால் கலந்த மாதிரி வெளிறிய நீலமாக வந்தால் பயப்பட வேண்டாம். பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு நம்ம வீட்டுப் படிகாரமே கைகொடுக்கும். இந்த அளவு குளத்துக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, ஒரு ராத்திரி அசையாமல் விட்டால் கலங்கல் எல்லாம் அடியில் படியும். காலையில் அதை வேக்குவம் குழாயால் உறிஞ்சி நேரடியாக வெளியே விட வேண்டும். ஃபில்டருக்குள் அனுப்பினால் பாதி திரும்பி வந்துவிடும்.

மொத்தத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வேலை. முடிந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி: இரவில் குளோரின் அளவைக் குறித்துவைத்து, விடியும் முன் மறுபடி பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு இருந்தால் உள்ளே தின்பதற்கு எதுவும் இல்லை. நிறையக் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம்-க்கு இறங்கி, அடித்தரை பளிச்சென்று தெரிந்த பிறகே குளிக்க இறங்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க!

குளோரினையும் ஆசிட்டையும் ஒரே வாளியில், ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். குருணைக் குளோரினையும் மாத்திரைக் குளோரினையும் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கவும் கூடும். தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தினக்கூலிக்கு ஆள் வைத்து இந்த வேலையைச் செய்பவர்கள், அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது உரிமையாளர் பொறுப்பு. மாதக்கணக்கில் ஓடாத மோட்டாரைப் போடும் முன் ஒயரிங்கை எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாத இணைப்பு என்றால் தண்ணீரில் யாரும் கை வைக்கக் கூடாது.

மயில்துத்தம் போட்டால் பாசி போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான். ஆனால் அளவு தவறினால் சுவரில் கறை படியும், வெளிர் நிறத் தலைமுடி பச்சையாகும். குளோரின் ஏறிய தண்ணீரை வாய்க்காலிலோ செடிகளிலோ விடுவதும் கூடாது. சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் போன பிறகே திறக்க வேண்டும்.

ஊருக்குப் போகணும், ஆறு மாசம் வர மாட்டோம்... என்ன செய்யலாம்?

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பொது நீச்சல் குளங்கள், எல்லோருக்குமாகத் திறக்க 2021 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் தினம் சில மணி நேரம் மோட்டாரை ஓட்டி, குளோரின் போட்டு வந்த குளங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. டைமர் ஒன்றும், வாரம் ஒரு முறை வந்து பார்க்க நம்பிக்கையான ஆளும் இருந்தால் போதும்.

அதுவும் முடியாது என்றால் குளத்தைக் கொசுவிடம் விட்டுவிடாமல் மீனிடம் விடலாம். குளோரின் முழுதும் போன தண்ணீரில் கப்பி மீன்களை விட்டால் கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் தெருவுக்குக் கொசு வராது. கொசுப் புழுவை மட்டும் கொல்லும் பிடிஐ எனும் பாக்டீரியா மருந்தும் இருக்கிறது. அதில் ஒரு ரகத்தை உருவாக்கியது நம்ம விசிஆர்சி-தான். தார்ப்பாய் போட்டு மூடுபவர்கள் நடுவில் குழி விழாமல் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் பச்சைக் குளம் இருக்கிறது, உரிமையாளர் வெளிநாட்டில் என்றால்? வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் சொல்லுங்கள். பலன் இல்லை என்றால் நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்தில், மொட்டை மாடியில் இருந்து எடுத்த போட்டோவோடு புகார் கொடுங்கள்.