பிரபு விட்டுப்போன வெல்வெட்

1614-இல் லண்டன் நடிகர் ராபர்ட் டாஸ் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் 12 பென்ஸ் அபராதம். நாடக நேரத்தில் குடித்திருந்தால் 10 ஷில்லிங். நாடகத்துக்கே வராவிட்டால் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. குழுவின் உடுப்பைப் போட்டபடியே கொட்டகையை விட்டு வெளியேறினால் 40 பவுண்டு! நடிகர் வராமல் போவதைவிட அவர் போட்ட உடுப்பு வெளியே போவது நாற்பது மடங்கு பெரிய குற்றம். ஷேக்ஸ்பியர் கால நாடகத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் வாதாடுகிற ஆய்வுலகம் உண்டு. அந்த மேடையின் பெருமுதல் துணியில் முடங்கியிருந்ததும், அதில் பிறர் உடுத்திக் கழித்த துணி கலந்திருந்ததும் மட்டும் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகின்றன. இது நியாயமில்லை.

அந்தத் துணி வந்த வழியை 1599-இல் லண்டனுக்கு வந்த சுவிட்சர்லாந்துக்காரர் தாமஸ் பிளாட்டர் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளைப் பணியாளர்களுக்கு விட்டுச் செல்வார்கள். பணியாளர் அவற்றை உடுத்துவது தகாது. ஆகவே குறைந்த விலைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுவார்கள். தகாது என்பது வெறும் ஊர்ப்பேச்சல்ல. எந்தத் தகுதிக்காரர் எந்தத் துணி உடுத்தலாம் என்று 1604 வரை சட்டமே இருந்தது. இங்கிலாந்தின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தேவாலயங்கள் கழித்துவிட்ட பூசை அங்கிகளும் நாடகக்காரர்கள் கைக்குப் போயின. லண்டனின் ரோஸ் நாடகக் கொட்டகையை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோ துணிக்குக் கடன் கொடுக்கும் அடகுத் தொழிலும் செய்தவர். அடகுக் கணக்கும் நாடகக் கணக்கும் அவருடைய ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

வசதியில்லாதவர்கள் பழசு வாங்கினார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கணக்கு வேறு சொல்கிறது. 1603-இல் தாமஸ் ஹேவுட் ஒரு முழு நாடகம் எழுதியதற்குப் பெற்றது 6 பவுண்டு. அதே நாடகத்துக்கான கறுப்பு வெல்வெட் கவுனுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகரின், பொன்னும் வெள்ளியும் இழைத்த வெல்வெட் மேலங்கி ஒன்றின் விலை 20 பவுண்டு 10 ஷில்லிங் 6 பென்ஸ். ஷேக்ஸ்பியர் 1597-இல் வாங்கிய பெரிய வீட்டின் பத்திரத்தில் 60 பவுண்டு என்றுதான் இருக்கிறது. இப்படிச் செலவிட்டவர்கள் பழைய துணியை நாடினார்கள் என்றால், மலிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அது நிஜமான துணி. நடுவே கூரையில்லாத கொட்டகையில், பகல் வெளிச்சத்தில், மூன்று பக்கமும் மக்கள் நெருங்கி நிற்கும் மேடையில் போலி வெல்வெட் பிடிபட்டுவிடும். பிரபுவாக நடிப்பவர் ஒரு பிரபுவின் தோளுக்கு வெட்டிய துணிக்குள் நுழையும்போது நிமிர்வும் நடையும் பாதி துணியிலிருந்தே வரும். கூலிக்கு நடிப்பவர்கள்கூடப் பட்டில் மினுக்குகிறார்கள் என்று 1579-இல் நாடகத்தைச் சாடி எழுதிய ஸ்டீபன் காசன் சீறியதற்கும் இதுவே காரணம்.

ஒருவர் உடை இன்னொருவருக்கு எப்படிப் பொருந்தும்? அந்தக்கால உடை ஒரே துண்டாக இருக்கவில்லை. கை தனி, மார்புச் சட்டை தனி, காற்சட்டை தனி. துளைகளில் நாடா கோத்து ஒன்றோடொன்று முடிவார்கள். நாடாவை இறுக்கினால் பெண் வேடமிடும் பையனுக்கும் கவுன் அளவாகும். சரிகைப் பட்டியைப் பிரித்து வேறொரு அங்கியில் வைத்துத் தைத்தால் புது அங்கி. நைந்த இடத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தைச் சிறுவர் உடையாக்கலாம். இந்தத் தையற்காரர்களை நாடக ஆசிரியருக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும். இன்று ஒரு படத்துக்குத் தைத்ததை அந்தப் படத்தோடு மூட்டை கட்டிப் போட்டுவிடுபவர்கள் அந்த நாடா முடிச்சுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

ரோம் நாட்டு சீசருக்கு எலிசபெத் காலத்து உடையா, இதில் நம்பகம் எங்கே என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த மேடையில் துணியின் வேலை காலத்தைக் காட்டுவதல்ல, பாத்திரம் யார் என்று சொல்வது. 1598-இல் எடுத்த ஹென்ஸ்லோ குழுவின் உடைப் பட்டியலில், நாடக நாயகன் தாம்பர்லேனின் செந்நிற வெல்வெட் காற்சட்டையோடு இன்னொன்றும் இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான அங்கி. அதைப் போட்டுக்கொண்டு நடிகர் எல்லார் கண்ணெதிரிலும் நடப்பார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே, அவர் அங்கே இல்லை என்று ஏற்றுக்கொள்வார்கள்.